உலகப் பலகணி: கிளேர் தொகுதியின் கதை

தேர்தல் நாளில் நாம் காணும் காட்சி யாவர்க்கும் பழகிய ஒன்று. பள்ளிக்கூடத்து வாயிலில் நீண்ட வரிசை, விரலில் மை, மூலையிலே மூன்று புறமும் மறைக்கப்பட்ட ஒரு தட்டி. அத்தட்டிக்குப் பின்னே சென்று பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வரும்போது, நாம் யாருக்கு வாக்களித்தோம் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. வேலை கொடுத்தவருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவருக்குந் தெரியாது. மையைப் பற்றிப் பேசுகிறோம், வரிசையைப் பற்றிப் பேசுகிறோம். தட்டியைப் பற்றி மட்டும் நாம் பேசுவதேயில்லை. அது இல்லாத காலத்தில் தேர்தல் எவ்வாறு நடந்தது, ஓர் ஏழைக் குடியானவன் வாக்களிக்க என்ன விலை கொடுத்தான் என்பதை அறிய விரும்பும் நேயர்கள், அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கிளேர் என்னும் சிறிய மாவட்டத்துக்கு இத்திங்கள் நம்முடன் வருவார்களாக.

தெற்கே ஷானன் ஆறு, மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல், வடக்கே கால்வே. இவற்றினிடையே பாறையும் சதுப்புமாகக் கிடக்கும் நிலம் கிளேர். அதன் தலைநகர் என்னிஸ். 1801இல் அயர்லாந்தின் தனிப் பாராளுமன்றம் ஒழிக்கப்பட்டு, நாடு பிரிட்டனோடு இணைக்கப்பட்டபோது, கிளேர் மாவட்டம் இலண்டன் காமன்ஸ் சபைக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பும் தொகுதியாயிற்று. 1885இல் அது கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிளக்கப்பட்டது. 1922இல் அயர்லாந்து தன்னாட்சி பெற்றபோது இலண்டன் சபைக்கு உறுப்பினரை அனுப்பும் வழக்கமே முடிந்தது. ஆக, நூற்றிருபது ஆண்டு வாழ்வுடைய தொகுதி இது. இந்நூற்றிருபது ஆண்டில் இருமுறை, ஓர் இடைத்தேர்தலின் வாயிலாகவே பேரரசு ஒன்றைத் தடுமாறச் செய்த பெருமை இதற்கு உண்டு.

முதலில் வாக்காளன் யார் என்று பார்த்துவிடுவோம். அயர்லாந்து மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நிலமோ பெரும்பாலும் புராட்டஸ்டண்டு நிலக்கிழார்களுடையது. 1793இல் கத்தோலிக்கர்க்கு வாக்குரிமை மீண்டும் கிடைத்தது; பாராளுமன்றத்தில் அமரும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. உறுப்பினர் எடுக்கவேண்டிய பிரமாணத்தில், கத்தோலிக்க வழிபாட்டை உருவ வணக்கமென்று பழிக்கும் சொற்கள் இருந்தன. தன் சமயத்தைத் தன் வாயாலேயே இகழ்ந்தாலன்றி ஒரு கத்தோலிக்கர் அச்சபைக்குள் நுழைய முடியாது.

வாக்குரிமைக்கு வேண்டிய தகுதி நாற்பது ஷில்லிங், அதாவது ஆண்டுக்கு இரண்டு பவுன், மதிப்புள்ள நிலம். ஆயுட்காலக் குத்தகையும் இதற்குப் போதுமானது. ஆகவே நிலக்கிழார்கள் தங்கள் நிலத்தைத் துண்டுதுண்டாக்கிக் குடியானவர்க்கு ஆயுட்காலக் குத்தகைக்கு விட்டனர். அன்பினால் அன்று; ஒவ்வொரு குத்தகைக்காரனும் தமக்கு ஒரு வாக்கு என்னும் கணக்கினால். ஒரு நிலக்கிழாரிடம் இத்தனை மாடு, இத்தனை குதிரை என்பதுபோல இத்தனை வாக்கு என்றும் எண்ணப்பட்டது. தேர்தல் நாளில் குடியானவன் மேடையின் முன் நின்று, அதிகாரியின் முகத்துக்கு எதிரே, தன் நிலக்கிழாரின் காரியஸ்தன் கேட்கும்படி, வேட்பாளரின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். அது ஏட்டிலே பதியப்படும். குத்தகைப் பணத்தில் ஆறு மாதப் பாக்கியை எப்போதும் நிலுவையில் விட்டுவைப்பது அந்நாட்டு வழக்கம். சொன்ன பெயர் பிடிக்கவில்லையென்றால், மறுநாளே அப்பாக்கியை முழுவதும் கேட்கலாம். கொடுக்க முடியாதவனை வெளியேற்றலாம். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை!

1828ஆம் ஆண்டு வெலிங்டன் பிரபு பிரதம மந்திரி. சீரங்கப்பட்டணப் போரிலே 1799இல் படை நடத்திய அதே ஆர்தர் வெல்லெஸ்லிதான். பிறப்பால் அவரும் அயர்லாந்துக்காரர். கிளேரின் உறுப்பினராகிய வெசி பிட்ஸ்ஜெரால்டு என்பவருக்கு அவர் தம் மந்திரிசபையில் வாணிகத் துறையை அளித்தார். மந்திரி பதவி ஏற்பவர் தம் தொகுதியில் மீண்டும் நின்று வெல்லவேண்டும் என்பது அந்நாளைய விதி. இதை எவரும் பொருட்படுத்தவில்லை. பிட்ஸ்ஜெரால்டு நல்லவர் என்று பெயரெடுத்தவர். கத்தோலிக்கரின் கோரிக்கையைச் சபையில் ஆதரித்தவர். அவருடைய தந்தையார், 1801 இணைப்பை எதிர்த்ததற்காக அரசாங்கப் பதவியை இழந்தவர். அவரை யார் எதிர்ப்பார்?

எதிர்க்க முன்வந்தவர் டேனியல் ஓகானல். கெரி மாவட்டத்து வழக்கறிஞர். 1823இல் கத்தோலிக்க சங்கத்தைத் தொடங்கி, மாதம் ஒரு பென்னி சந்தாவில் ஏழை எளியவரையெல்லாம் அதில் சேர்த்தவர். மாதம் ஒரு பென்னியா என்று நகைக்கவேண்டா. சங்கம் நடத்துவோர்க்குத் தெரியும், நூறு ரூபாய் கொடுக்கும் ஒரு செல்வரைவிட, மாதந்தோறும் நாலணா தவறாமற் கொடுக்கும் நூறு பேர் எவ்வளவு பெரிய பலம் என்பது. கத்தோலிக்கர் சபையில் அமர முடியாது என்று சட்டம் கூறியதே தவிர, தேர்தலில் நிற்கக்கூடாது என்று எங்கும் கூறவில்லை. அந்த ஓட்டையைத்தான் ஓகானல் கண்டுகொண்டார்.

என்னிஸ் நகரில் அந்த ஜூலை மாதம் நடந்ததை நேரிற் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து முப்பதினாயிரம் பேருக்குக் குறையாமல் மக்கள் வந்து குவிந்தனர். தங்கள் பாதிரியார்களின் பின்னே ஊர் ஊராக அணிவகுத்து வந்தனர். கைகலப்பு இல்லை; கலவரம் இல்லை. வாக்குப் பதிவு முடியும்வரை விஸ்கி தொடுவதில்லை என்று கட்டுப்பாடு. அக்காலத்து ஐரிஷ் தேர்தல் என்றால் குடியும் தடியடியும்தான் என்று எண்ணிப் படையையும் போலீசையும் அனுப்பி வைத்திருந்த அதிகாரிகளுக்கு, கலவரத்தைவிட அந்த அமைதியே அதிக அச்சத்தைத் தந்தது.

ஓகானலின் பெயரை முன்மொழிந்தவர் ஓகார்மன் மாஹன் என்ற இளைஞர். வழிமொழிந்தவர் டாம் ஸ்டீல், ஒரு புராட்டஸ்டண்டு. பிட்ஸ்ஜெரால்டு மேடையேறித் தம் குடும்பத்தின் தொண்டுகளை எடுத்துரைத்து, நோயுற்றிருந்த தந்தையை நினைந்து கண்ணீர் வடித்தபோது, எதிர்க்கட்சிக் கூட்டமும் உருகி நின்றதாம். ஆயினும் உருக்கம் வேறு, வாக்கு வேறு. டுரோமோலண்டு மாளிகையின் சர் எட்வர்டு ஓப்ரியன் போன்ற பெருநிலக்கிழார்கள், தங்கள் குடியானவர் தங்கள் கண்முன்னேயே அணியைவிட்டு விலகிச் சென்று ஓகானலின் பெயரைச் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. ஐந்து நாள் பதிவு. ஜூலை 5ஆம் நாள் முடிவு: ஓகானல் 2,057; பிட்ஸ்ஜெரால்டு 982.

இந்த 2,057 என்னும் எண்ணைச் சற்று நின்று நோக்கவேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை குத்தகைக்காரரின் வாக்குகள். மறைவுத் தட்டி இல்லை. சொன்னவன் பெயரும், சொல்லப்பட்டவர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. வீடு திரும்பும்போது தன் கூரை தனக்கு இருக்குமா என்பது தெரியாமலே ஒவ்வொருவனும் அப்பெயரைச் சொன்னான். ஓகானலின் நாவன்மையைப் புகழ்ந்து நூல்கள் பல உண்டு. இவர்களுடைய ஒற்றைச் சொல்லுக்கு ஈடான சொற்பொழிவு எதுவும் அவற்றில் இல்லை என்பது எம் கருத்து.

வெலிங்டனும், அவருடைய உள்நாட்டு மந்திரி ராபர்ட் பீலும் நிலையை உணர்ந்தனர். கிளேரில் நடந்தது அயர்லாந்தின் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடக்கும். சபைக்குள் அனுமதிக்காவிட்டால் உள்நாட்டுப் போர் மூளும். வாழ்நாளெல்லாம் கத்தோலிக்கர் கோரிக்கையை எதிர்த்துவந்த பீல், தாமே அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். மன்னர் நான்காம் ஜார்ஜ் அழுது அடம்பிடித்து, முடிவில் 1829 ஏப்ரல் 13இல் ஒப்பமிட்டார். கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவு திறந்தது.

ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டத்துக்கும் மன்னரின் ஒப்பம் கிடைத்தது. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்குரிமைக்கான தகுதி நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுனாக, அதாவது ஐந்து மடங்காக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 2,16,000 ஆக இருந்த மாவட்ட வாக்காளர் தொகை ஏறத்தாழ 37,000 ஆகச் சுருங்கிற்று. கிளேரில் ஓகானலை வெற்றிபெறச் செய்த அந்தக் குடியானவர்களே, தங்கள் வெற்றியின் விலையாகத் தங்கள் வாக்கை இழந்தார்கள். இனிக் கத்தோலிக்கச் செல்வர் சபையிலே அமரலாம். அவரை அங்கே அனுப்பிய கத்தோலிக்க ஏழை வாக்குச் சாவடிப் பக்கமும் போகமுடியாது.

ஓகானல் இதை எதிர்த்தாரா? வாயளவில் எதிர்த்தார். சட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் போராடவில்லை. 1825இலேயே இதுபோன்ற ஓர் உடன்பாட்டுக்கு அவர் இசைந்திருந்தார் என்பதும் உண்மை. பெரிய பரிசைக் கைப்பற்றும் வேளையில் சிறிய இழப்பை நினைத்துத் தயங்கலாகாது என்று அவர்க்காக வாதாடுவோர் உண்டு. அந்த இழப்பு யாருக்குச் சிறியது என்று கேட்கவேண்டும். வாக்கற்ற குத்தகைக்காரனால் நிலக்கிழாருக்கு ஆகும் பயன் என்ன? சிறு நிலங்களை ஒன்றுசேர்த்து மேய்ச்சலுக்கு விடுவதே இலாபம் என்னும் எண்ணம் வலுத்தது. அதன் விளைவை இருபது ஆண்டுக்குள் கிளேர் கண்டது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. புதிய பிரமாணம் இனித் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு மட்டுமே என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஓகானல் பழைய சட்டத்தின்கீழ் வென்றவராயிற்றே! 1829 மே மாதம் அவர் சபைக்குள் வந்தபோது, பழைய பிரமாணத்தையே நீட்டினர். அதைக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்தவர், இதில் ஒரு பகுதி பொய்யென்று தமக்குத் தெரியும் என்றும், மற்றொரு பகுதி மெய்யென்று தாம் நம்பவில்லை என்றும் கூறித் திருப்பிக் கொடுத்தார். மீண்டும் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஜூலை 30இல் கிளேர் அவரைப் போட்டியின்றியே அனுப்பிற்று. சபையின் சிறுமையைக் காட்டுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அடுத்த ஆண்டே ஓகானல் வாட்டர்போர்டு தொகுதிக்குப் போய்விட்டார். கிளேரை அவர் ஏணியாகவே பயன்படுத்தினார் என்று சொல்வோரும் உண்டு. முற்றிலும் தவறென்று கூறுவதற்கில்லை.

அவருக்குப்பின் வந்தவர்களுள் மேஜர் மக்னமாராவும் ஓகார்மன் மாஹனும் குறிப்பிடத்தக்கவர். 1815இல் ஓகானல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் எதிரியைக் கொன்றபோது அவர் பக்கத்துச் சாட்சியாக நின்றவர் இந்த மக்னமாரா. 1830 முதல் 1852 வரை கிளேர் உறுப்பினராக இருந்தார். மாஹனோ 1830இல் வென்றார். லஞ்சம் கொடுத்ததாக மனு வந்து, மறு ஆண்டே பதவியிழந்தார். அவர் பெயரை நேயர்கள் மறந்துவிடவேண்டா, மீண்டும் வருவார்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பஞ்சத்தின் வரலாற்றை இங்கே விரிக்க இடமில்லை. இரண்டு எண்களை மட்டும் தருகிறோம். கிளேர் மாவட்டத்தின் மக்கட்டொகை 1841இல் 2,86,394, 1851இல் 2,12,440. பத்தே ஆண்டில் நாலில் ஒரு பங்கு மக்கள், மண்ணுக்குள் போனவர் பாதி, கப்பலேறிப் போனவர் பாதி என்று சொல்லும்படி மறைந்தனர். மேற்குக் கிளேரின் கில்ரஷ் வட்டாரத்தில் குத்தகைக்காரர் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டு, அவர்தம் குடிசைகள் இடித்துத் தள்ளப்பட்டன. அங்கே ஏழையர் நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த காப்டன் கென்னடி என்னும் ஆங்கில அரசாங்க அதிகாரியே அக்கொடுமைகளை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து மேலிடத்துக்கு எழுதினார். குடிகளை வெளியேற்றிய நிலக்கிழார்களுள் முதன்மையானவர் கர்னல் வாண்டலூர். இதில் கசப்பான செய்தி என்னவென்றால், அதே வாண்டலூர் 1859 முதல் 1874 வரை கிளேரின் பாராளுமன்ற உறுப்பினர். வெளிப்படை வாக்கு என்பது எத்தகையது என்பதற்கு இனி விளக்கம் வேண்டுவதில்லை.

வாண்டலூர் முதன்முதல் நின்றது 1852இல், அம்முறை தோற்றார். அத்தேர்தலின்போது, ஜூலை 22ஆம் நாள், ஒரு நிலக்கிழாரின் குடியானவர்களைப் பட்டாளத்தின் காவலில் வாக்களிக்க அழைத்துச் சென்றார்கள். சிக்ஸ்மைல்பிரிட்ஜ் என்னும் ஊரில் கூட்டம் வழிமறித்தது, கல் பறந்தது, பட்டாளத்தார் சுட்டனர். ஆறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். துப்பாக்கிக்கு நடுவே நடத்திச் செல்லப்பட்ட அந்தக் குடியானவர் எந்தப் பெயரைச் சொல்ல விரும்பினர் என்பதை யாரே அறிவார்! நிலக்கிழாரின் பெயரைச் சொன்னால் வழியிலே கல். சொல்லாவிட்டால் வீட்டிலே கடப்பாரை.

1872இல் மறைவாக்குச் சட்டம் வந்தது. தட்டியும் சீட்டும் பெட்டியும் வந்தன. 1874 பொதுத்தேர்தலில் கிளேரின் இரண்டு இடங்களும் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கோரிய கட்சியினரிடம் சென்றன.

அவ்விருவருள் ஒருவர் சர் கோல்மன் ஓலாக்லென். 1877இல் அவர் காலமானார். அவருடைய இடத்துக்குக் கிளேர் மக்கள் தேர்ந்தெடுத்தது அவர் தம்பி சர் பிரையன் ஓலாக்லெனை. தம்பி எங்கே இருந்தார்? ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில்! பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து, அங்கே வழக்கறிஞராகவும் அரசியல்வாதியாகவும் வேரூன்றியவர். அவர் வரவேயில்லை. விக்டோரியா மாநிலத்துச் சட்டசபையில் அமர்ந்து, அங்கே அட்டர்னி ஜெனரல் பதவியையும் ஏற்றார். இரண்டு ஆண்டு கிளேரின் நாற்காலி ஒன்று வெறுமையாகவே கிடந்தது. முடிவில் இலண்டன் சபை, பதவியேற்றதனால் அவர் இடம் காலியாயிற்று என்று 1879இல் தீர்மானித்தது. பின்னர் அவர் விக்டோரியாவின் முதல் மந்திரியாகவும் ஆனார். ஊரார் அவரை மறக்கவில்லை. அவர் ஊரை மறந்தாரோ என்னவோ. நம் அங்கத்தினருள்ளும், பிறந்த ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மனமின்றி, வாழும் ஊர்ப் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவைத்திருப்பவர் சிலர் இருக்கக்கூடும். நம் நாட்டுச் சட்டம் ஒருவர்க்கு ஒரு தொகுதியில்தான் பெயர் இருக்கலாம் என்கிறது. பிரையன் ஓலாக்லெனுக்கு இலண்டன் சபை சொன்னதை நமக்குத் தேர்தல் அதிகாரி சொல்லும்வரை காத்திராமல் இருப்பது நலம்.

காலியான அந்த இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? 1828இல் ஓகானலை முன்மொழிந்த அதே ஓகார்மன் மாஹன்! வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இடைக்காலத்தில் உலகெல்லாம் சுற்றிவந்த அவர், இப்போது பார்னெலின் அணியில் சேர்ந்தார். 1880 பொதுத்தேர்தலில் அவருடன் கிளேரின் மற்றோர் இடத்துக்கு நின்று வென்றவர் காப்டன் ஓஷி. அவரைப் பார்னெலுக்கு அறிமுகம் செய்துவைத்தவரும் மாஹனே. ஓஷியின் மனைவியோடு பார்னெல் கொண்ட தொடர்பும், 1889இல் ஓஷி தொடுத்த மணமுறிவு வழக்கும், அதனால் ஐரிஷ் கட்சி உடைந்ததும் உலகறிந்தவை. ஒரு கிழவர் செய்த அறிமுகம் ஒரு நாட்டின் அரசியலைப் பத்தாண்டு பின்தள்ளிற்று எனலாம்.

பார்னெல் என்ற பெயர் வரும்போது, 1880 செப்டம்பர் 19இல் அவர் என்னிஸ் நகரில் ஆற்றிய பேருரையை விட்டுச்செல்ல இயலாது. வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எவன் எடுக்கிறானோ, அவனை அடிக்கவேண்டா, சுடவேண்டா, கடைத்தெருவிலும் கோயிலிலும் வழியிலும் அவனோடு பேசாமல் ஒதுக்கிவையுங்கள் என்றார். சில வாரங்களில் மேயோ மாவட்டத்தில் பாய்காட் என்னும் காரியஸ்தர்மேல் அம்முறை கையாளப்பட்டது. அவர் பெயரே அம்முறைக்குப் பெயராயிற்று. நம் நாட்டுப் பகிஷ்கார இயக்கங்களில் எத்தனை முறை அச்சொல் ஒலித்தது என்பதை நாம் அறிவோம்.

1884இன் சட்டம் குடும்பத் தலைவர் யாவர்க்கும் வாக்களித்தது. 1829இல் பறிக்கப்பட்டது, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்துப் பேரன்மார்க்குத் திரும்பிற்று. அடுத்த ஆண்டு தொகுதி இரண்டாயிற்று. கட்சிப் பிளவிற்குப் பின் வந்த 1892 தேர்தலில் கிழக்குக் கிளேர், மாண்டுபோன பார்னெலின் பக்கமே நின்று, வில்லி ரெட்மண்டைத் தேர்ந்தெடுத்தது. (எதிரணியில் நின்றவருள் மேற்கு வாட்டர்போர்டு உறுப்பினர் ஆல்பிரட் வெப் ஒருவர். 1894இல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் அவரே.) ரெட்மண்டு இருபத்தைந்து ஆண்டு அத்தொகுதிக்கு உறுப்பினர். அயர்லாந்துக் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்டின் தம்பி. முதல் உலகப்போரில் பிரிட்டனுக்குத் துணைநின்றால் தன்னாட்சி கிடைக்கும் என்று அண்ணன் நம்பினார். ஐம்பது வயதைக் கடந்த தம்பி அந்நம்பிக்கைக்குத் தம் உடலையே பணயம் வைத்துப் படையிற் சேர்ந்தார். 1917 ஜூன் 7இல் பெல்ஜியத்தில் மெசீன் போரில் காயமுற்று மாண்டார். களத்திலிருந்து அவரைத் தூக்கிவந்தவர்கள், அரசியலில் அவருடைய கட்சிக்கு நேர்விரோதமான அல்ஸ்டர் படைப்பிரிவினர்.

அவர் இடத்துக்கு இடைத்தேர்தல். 1916இல் டப்ளின் எழுச்சியை நசுக்கித் தலைவர்களைப் பிரிட்டிஷார் சுட்டுக்கொன்ற பின், நாட்டின் மனம் மாறியிருந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின் ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்ட ஈமான் டி வலேரா, அந்த ஜூன் மாதந்தான் விடுதலையானார். அவரைச் சின்பீன் கட்சி நிறுத்திற்று. இவர் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டரை வயதில் லிமெரிக் மாவட்டத்திலிருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டு வளர்ந்தவர். எதிர்த்து நின்ற பாட்ரிக் லிஞ்ச் கிளேரில் எல்லோரும் அறிந்த குடும்பத்து வழக்கறிஞர். உறவும் செல்வாக்கும் அவருக்கு இருந்தன. ஜூலை 10இல் பதிவு. டி வலேரா 5,010, லிஞ்ச் 2,035. வென்றால் இலண்டன் சபைக்குப் போகமாட்டேன் என்று சொல்லியே வாக்குக் கேட்டவர் வென்றார். சபைக்குள் நுழைய வழிவேண்டி 1828இல் வாக்களித்த மாவட்டம், எண்பத்தொன்பது ஆண்டுக்குப் பின், நுழையவே வேண்டா என்று வாக்களித்தது. இடையில் அச்சபை நாற்பது ஆண்டு தன்னாட்சியைப் பேசிப்பேசித் தள்ளிவைத்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை.

1918இல் முப்பது வயது கடந்த பெண்களுக்கும், சில தகுதிகளோடு, வாக்குரிமை கிடைத்தது. கிளேரின் பெண்கள் அதைப் பயன்படுத்தினார்களா? இல்லை, முடியவில்லை. அந்த டிசம்பர்ப் பொதுத்தேர்தலில் கிழக்கில் டி வலேராவும் மேற்கில் பிரையன் ஓஹிக்கின்ஸும் போட்டியின்றியே தேர்வாயினர். 1921இலும் போட்டியில்லை, 1922இலும் இல்லை. சீட்டில் குறியிட அவர்கள் 1923 ஆகஸ்டு வரை காத்திருக்க நேர்ந்தது. கட்சி ஒற்றுமைக்காக என்பார்கள். அந்த வீடுகளில் யாரும் பெண்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த 1923 தேர்தல், உள்நாட்டுப் போர் ஓய்ந்த சில மாதங்களுக்குள் நடந்தது. இலண்டன் தொகுதிகள் மறைந்து, கிளேர் முழுவதும் டப்ளின் சபைக்கான ஒரே தொகுதியாகியிருந்தது. ஆகஸ்டு 15இல் டி வலேரா என்னிஸ் நகரில் மேடையேறிப் பேசத் தொடங்கினார். புதிய ஐரிஷ் அரசாங்கத்தின் பட்டாளம் வந்து அவரைச் சிறைப்படுத்திற்று. வேட்பாளர் சிறையில் இருக்க, கிளேர் மக்கள் அவருக்கு 17,762 முதல்வாக்குகள் அளித்தனர். அரசாங்கக் கட்சியின் பெயர்பெற்ற வேட்பாளர் பெற்றதைப்போல் இருமடங்குக்கு மேல். 1924இல் விடுதலையானதும் அவர் முதல் வேலையாக என்னிஸுக்கே வந்து, சென்ற ஆண்டு தடைப்பட்ட பேச்சைத் தொடர்ந்தார். 1959இல் குடியரசுத் தலைவராகும்வரை கிளேரின் உறுப்பினராகவே இருந்தார். திருத்தணியில் பிறந்த நம் இராதாகிருஷ்ணன் அவர்கள் 1964இல் குடியரசுத் தலைவராக அயர்லாந்து சென்றபோது அவரை வரவேற்ற முதியவர் இவர்தாம்.

அங்கு முதல்வாக்கு, இரண்டாம்வாக்கு என்று விருப்ப வரிசையில் எண்ணிடும் முறை வழக்கில் உள்ளது. நம் நாட்டில் மாநிலங்கள் அவைத் தேர்தலுக்கும் இம்முறையே. ஓகானல் நின்ற பழைய நீதிமன்றம் என்னிஸில் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் உயர்ந்த தூணொன்றின் உச்சியில் அவர் சிலை நிற்கிறது. பெயர் சொல்லி வாக்களித்த குடியானவருக்கு ஒரு சிலை உண்டா என்று கேட்கும் நேயர்க்கு, வாக்கேட்டைத் தவிர வேறு எதையும் நம்மாற் காட்ட இயலாது.

ஆல்பிரட் வெப் பற்றியும், அவர் சென்னைக்கு வந்த வரலாறு பற்றியும் அடுத்த இதழில் எழுத எண்ணம்.